இது எந்தப் படம்?

அன்றைக்கு இரவு குண்டூர் நாட்டில் கரண்ட் இல்லை. கொல்லிமலையில் மழைக்காலத்தில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. சாயங்காலம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எங்கேயோ ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியின் மேல் சாய்ந்திருக்கும். டவரும் போய்விட்டது. என் போனில் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தது ஒரே ஒரு ஆல்பம். அதைச் சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நண்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நண்பனின் அப்பா மிளகுச் சாக்கை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"ஏந் தம்பி, இது எந்தப் படம்?"

"படம் இல்லைங்கய்யா. இளையராஜா தனியா போட்டது."

மறுபடியும் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பாட்டு எப்ப வரும்?"

"பாட்டு வராதுங்க. முழுக்க இப்படியேதான்."

"ஓ" என்றார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை.

அந்த ஆல்பம் 'ஹௌ டு நேம் இட்?'. 1986இல் வந்தது. நான் அதைப் பத்து வருடங்களுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆபீஸில் நாற்பது பேர் பேசும் இரைச்சலை மறைக்க, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோடு எழுதும்போது ஓடும் ஒரு சத்தம். பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் ஒரு காதை வாங்கிக் கேட்டுவிட்டு, "செம பிஜிஎம், எந்தப் படம்?" என்றார். அதே கேள்வி. சென்னையில் ஏசி அறையிலும் மலையில் மிளகுச் சாக்கின் பக்கத்திலும் தமிழ்க் காது முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். இசை என்றால் அதற்கு ஒரு படம் இருக்க வேண்டும். படத்தில் ஒரு சிச்சுவேஷன் இருக்க வேண்டும். சிச்சுவேஷனுக்கு ஒரு பாட்டு வர வேண்டும்.

அன்றைக்கு இருட்டில், வேறு எதுவும் செய்ய வழியில்லாமல், முதல்முறையாக அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். பெரியவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றியது. இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

*

'பாட்டு எப்ப வரும்?' என்ற கேள்வியை இங்கிலாந்தில் அறுபதுகளின் கடைசியில் நிறையப் பேர் கேட்டிருப்பார்கள். அதுவரை ராக் என்றால் மூன்று நிமிடப் பாட்டு. அந்த மூன்று நிமிடத்தை எந்தக் கலைஞனும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும், ரேடியோவிலும் அதுதான் வசதி. நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு 1948இலேயே வந்துவிட்டது. ஆனால் ராக்காரர்கள் ரொம்ப நாள் அதைப் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைப் போட்டுவைக்கும் பெட்டியாகத்தான் பார்த்தார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் இருக்கிறதே, அதை ஒரே துண்டாக ஏன் நிரப்பக்கூடாது என்று கேட்டவர்களிடமிருந்து பிறந்ததுதான் பின்னாளில் புரோக்ரசிவ் ராக் என்று பெயர் பெற்றது.

1967இல் புரோகோல் ஹாரம் குழு ஒரு பாட்டில் பாக்கின் சாயல் கொண்ட ஆர்கன் இசையை வைத்தது. 1969இல் ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன், பாக் லூட் வாத்தியத்துக்காக எழுதிய ஒரு நடன இசையைப் புல்லாங்குழலில் ஜாஸ் போல வாசித்தார். அதே ஆண்டு அக்டோபரில் கிங் கிரிம்ஸனின் முதல் ஆல்பம் வந்தது. 1971இல் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் பியானோ படைப்பை எடுத்து மின்னிசைக் கருவிகளில் மேடையேற்றியது. 1972இல் ஜெத்ரோ டல் ஒரு தட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே பாட்டால் நிரப்பியது. தட்டைத் திருப்பிப் போடுவதற்காக மட்டும் நடுவில் ஓர் இடைவெளி.

இந்த இயக்கத்தை நினைத்தால் பலருக்கு நீண்ட முடியும், மேடைப் புகையும், அடுக்கி வைத்த கீபோர்டுகளும்தான் கண்ணில் வரும். எழுபதுகளின் நடுவில் வந்த பங்க் பையன்கள் அதையெல்லாம் பார்த்துத்தான் 'பந்தா' என்று சிரித்தார்கள். பாதி நியாயமான சிரிப்பு. ஆனால் அந்த ஆடம்பரத்துக்கு அடியில் ஓர் அடிப்படையான காரியம் நடந்தது. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற வட்டத்திலிருந்து இசையை வெளியே நடக்க விட்டார்கள். கேட்பவர் மனப்பாடம் செய்யும் வரிகளுக்குத் துணையாக நிற்பதை விட்டுவிட்டு, இசை தன் சொந்த தர்க்கத்தின்படி வளர ஆரம்பித்தது.

இதில் நம்மவர்களும் இருந்தார்கள். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்று 1971இல் மின்கிடாரோடு முழங்கிய ஜான் மெக்லாஃப்லின், எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். பிறகு எல். சங்கரின் வயலின், விக்கு விநாயகராமின் கடம், ஜாகிர் உசேனின் தபேலா ஆகியவற்றோடு சேர்ந்து 'சக்தி' குழுவை அமைத்தார். அதன் முதல் ஆல்பம் 1976இல் வந்தது. அதே 1976இல்தான் 'அன்னக்கிளி'யும் வந்தது.

*

பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணனின் கச்சேரிகளில் ஊர் ஊராக வாசித்து, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிடாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கிய கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. இந்தக் கட்டுரைக்கு முக்கியம் அதற்குப் பின் வந்த பத்து வருடங்கள். 1976க்கும் 1986க்கும் நடுவில் அவர் ஆண்டுக்கு டஜன் கணக்கில் படங்கள் செய்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், இன்னோர் இடையிசை, சரணம், பல்லவி. நாலரை நிமிடம். பல்லவியும் சரணமும் கவிஞருக்கும், பாடகருக்கும், இயக்குநருக்கும், ஹீரோவுக்கும், டீக்கடைக்கும் சொந்தம். இடையிசை மட்டும்தான் இசையமைப்பாளரின் தனிச் சொத்து. திரையில் அப்போது யாராவது மரத்தைச் சுற்றி ஓடுவார்கள், அல்லது கேமரா மலையைக் காட்டும். அந்த நாற்பது ஐம்பது நொடியில் என்ன நடக்கிறது என்று யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

ராஜாவின் சோதனைக்கூடம் அந்த நொடிகளில் இருந்தது. 'நிழல்கள்' (1980) படத்தின் 'பூங்கதவே' பாட்டைப் பாட்டில்லாமல் கேட்டுப் பாருங்கள். மேற்கத்திய வயலின் கூட்டம் வந்து நின்ற அதே வாசலில் கல்யாண வீட்டு நாதஸ்வரமும் வந்து நிற்கிறது. இரண்டும் முறைத்துக்கொள்வதில்லை. 1985இல் 'சிந்து பைரவி'யில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையை அதன் வழக்கமான காம்போதியிலிருந்து சாரமதிக்கு மாற்றி, ஒரு நாட்டுப்புறப் பாட்டின் தொடர்ச்சியாகவே கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும். இடையிசை என்பது கயிறு கட்டிய கன்றுக்குட்டி. கயிறு எவ்வளவு நீளமானாலும் முளை அங்கேயே இருக்கிறது.

'ஹௌ டு நேம் இட்?' அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான பதில். அப்படித்தான் நான் அதைக் கேட்கிறேன். எல்.பி. தட்டு ஆங்கிலேய ராக்காரர்களுக்குக் கொடுத்ததை, எண்பதுகளின் கேசட் இவருக்குக் கொடுத்தது. இரண்டு பக்கம், சில பத்து நிமிடங்கள், படம் கிடையாது, பாடலாசிரியர் கிடையாது, ஹீரோவின் கால்ஷீட்டும் கிடையாது. வயலின் கூட்டம், பேஸ் கிடார், டிரம்ஸ் எல்லாம் திரையிசையில் கேட்டவைதான். ஆனால் அவை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முன்னணியில் வி.எஸ். நரசிம்மனின் வயலின். கர்நாடக பாணி, மேற்கத்திய பாணி இரண்டிலும் தோய்ந்த கை. பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற குழுவை ஆரம்பித்தவரும் இவர்தான்.

இதைப் புரோக்ரசிவ் ராக் என்று ராஜா சொல்லவில்லை. கடையில் அந்த அடுக்கில் வைத்தால் கிங் கிரிம்ஸன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். போதாக்குறைக்கு, ஆல்பத்தில் ஒரு துண்டின் பெயரே 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதே. ஆனாலும் ஒப்பிடத்தான் தோன்றுகிறது. இரண்டு இடத்திலும் வெகுஜன இசையில் ஊறிய ஒருவர், பாட்டு என்ற அலகு தனக்குப் போதவில்லை என்று கண்டு, செவ்வியல் வடிவங்களை எடுத்துத் தன் வாத்தியங்களில் போட்டுப் பார்க்கிறார். இரண்டு இடத்திலும் முதலில் கதவைத் திறந்துவிட்டவர் பாக்.

*

ஆல்பம் இருவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் யொஹான் செபாஸ்டியன் பாக், இன்னொருவர் தியாகராஜர். பாக் 1750இல் இறந்தார். தியாகராஜர் 1767இல் பிறந்தார். பதினேழு வருட வித்தியாசத்தில் இருவரும் சந்திக்க முடியாமல் போயிற்று. சந்தித்திருந்தாலும் ஒருவர் ஜெர்மனியில் தேவாலய இசைஞர், இன்னொருவர் திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்தவர்.

ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரு சாமான் பயணம் செய்தது. வயலின். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு சென்னைக்கு வந்து இறங்கிய அந்தப் பெட்டியை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) கற்றுக்கொண்டார். அப்போது தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இருந்தது. முதலியார் கம்பெனியின் துபாஷி, கோட்டைக்குள் போய்வருகிறவர். அங்கே வாசித்த வெள்ளைக்காரர்களின் இசை அப்படித்தான் இந்தக் குடும்பத்தின் காதில் விழுந்தது. அண்ணன் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சுமார் நாற்பது சின்னப் பாட்டுகள் எழுதினார். நோட்டு ஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ஒன்று இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டு. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேற்கத்திய பேண்டே இருந்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார்.

நம்மாட்கள் வயலினை வாங்கிக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். நின்றுகொண்டு தாடைக்கு அடியில் வைத்து வாசித்ததை, சம்மணம் போட்டு உட்கார்ந்து, நெஞ்சிலும் கணுக்காலிலும் முட்டுக்கொடுத்து வாசித்தார்கள். காரணம் வெறும் வசதி இல்லை. கமகத்துக்கு இடது கை தந்தியில் மேலும் கீழும் தாராளமாக வழுக்க வேண்டும். வயலினைத் தாங்கும் வேலை கைக்கு இருக்கக்கூடாது. நான்கு வெவ்வேறு சுரங்களுக்குக் கட்டிய தந்திகளைச் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று மாற்றிக் கட்டினார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், ஹார்டுவேரை வாங்கி ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றிவிட்டார்கள்.

ஆக, ராஜாவின் வீட்டுக்கு 1986இல் பாக் வந்தபோது, பாதை புதிதாக வெட்டப்படவில்லை. மணலியிலிருந்து கோடம்பாக்கம் வரைக்கும் ஏற்கெனவே இருநூறு வருடப் பாதை இருந்தது. அந்தப் பாதையில் மறுபக்கத்திலிருந்து யாரும் இவ்வளவு தூரம் நடந்து வந்ததில்லை.

*

மேலே சொன்ன உருவகம் இசையாக எப்படி இருக்கிறது என்பதை ஆல்பத்தின் மையமான இரண்டு துண்டுகளில் கேட்கலாம். ஒன்று, 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன். அடுத்தது அந்த வாக்கியத்தையே தொடர்கிறது: 'அண்ட் வீ ஹேட் எ டாக்', அப்புறம் பேசிக்கொண்டிருந்தோம்.

முதலாவதில் ஒலிப்பது, தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டீட்டாவின் முதல் பகுதி. 1720இல் பாக் தன் கையாலேயே சுத்தமாகப் படியெடுத்து வைத்த ஆறு படைப்புகளில் ஒன்று. இதன் இன்னொரு பகுதி 1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றிய தங்கத் தட்டில் போய்க்கொண்டிருக்கிறது. முதல் பகுதி நிற்காத ஓட்டம். ஒரே அளவான சின்னச் சின்ன சுரங்கள், மூச்சு விடாமல், தறி ஓடுவது போல. நடுவில் பாக் ஒரு வித்தை செய்கிறார். ஒரே சுரத்தை ஒருமுறை விரல் வைத்த தந்தியிலும் ஒருமுறை விரல் வைக்காத திறந்த தந்தியிலும் மாற்றி மாற்றி இழுக்க வைக்கிறார். மற்ற சுரங்கள் ஏறி இறங்க, அந்த ஒன்று மட்டும் விடாமல் பின்னாலிருந்து அதிர்ந்துகொண்டே இருக்கும்.

விடாமல் பின்னால் அதிரும் ஒற்றைச் சுரத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு உண்டு. தம்புரா. பாக் எழுதிய அத்தனை இசையிலும் இதைப் போய் ராஜா ஏன் எடுத்தார் என்று யோசித்தபோது எனக்குத் தோன்றிய விடை இதுதான். இது என் ஊகம், அவர் எங்கும் சொன்னதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள்: விருந்தாளிக்கு உட்கார நாற்காலி எங்கே போட வேண்டும் என்று தெரிந்த வீடு அது.

அந்த ஓட்டத்தின் மேல் நம்மூர் நடையில் இன்னொரு வயலின் பேச ஆரம்பிக்கிறது. இங்கேதான் உண்மையான சிக்கல். மேற்கத்திய இசையில் சுரம் ஒரு புள்ளி. அசையாமல் நிற்கும். அதனால்தான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க முடிகிறது. இரண்டு மூன்று குரல்கள் தனித்தனியாக நடந்துகொண்டே, ஒவ்வொரு அடியிலும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் கலை அங்கே வளர்ந்தது. பாக் அதன் உச்சம். கர்நாடக இசையில் சுரம் ஒரு பாதை. தோடியின் காந்தாரத்தை யாரையாவது பாடச் சொல்லிவிட்டு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாது, அது ஊசலாடிக்கொண்டே இருக்கும். அப்படி ஊசலாடும் இரண்டு சுரங்களை அடுக்கினால், இரண்டு ஊஞ்சலை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்துவது போலத்தான் ஆகும்.

'ஃப்யூஷன்' என்ற பெயரில் வரும் பெரும்பாலான இசை இந்தச் சிக்கலை இரண்டு வழியில் தட்டிக்கழிக்கும். ஒன்று, ராகத்தின் அசைவையெல்லாம் இஸ்திரி போட்டு, வெறும் ஏழு சுர வரிசையாக்கி, கீழே கார்டு போட்டுவிடும். இல்லையென்றால் முறை வைத்துக்கொள்ளும்: நீ எட்டு ஆவர்த்தனம் வாசி, நான் எட்டு வாசிக்கிறேன், கடைசியில் சேர்ந்து ஒரு தீர்மானம், கைத்தட்டல். ராஜா இரண்டையும் செய்யவில்லை. எந்தக் குரல் அசையலாம், எந்தக் குரல் அசையாமல் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கணத்துக்கும் முடிவெடுக்கிறார். வயலின் கூட்டம் நேராக, புள்ளி புள்ளியாக நிற்கும்போது தனி வயலினுக்குக் கமகத்தில் முழுச் சுதந்திரம். தனி வயலின் ஒரு சுரத்தில் அமர்ந்ததும் கீழே இருப்பவர்கள் இடம் மாறுகிறார்கள். 'மேட் மாட் மூட் ஃப்யூக்' துண்டில் ஒரு குரல் சொன்னதை அடுத்த குரல் வாங்கி, அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் குரல் வேறொன்று சொல்லும் ஃப்யூக் வடிவம் அப்படியே இருக்கிறது. ஆனால் சொல்லப்படும் விஷயத்தில் நம்மூர் வாடை. 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'வில் இது தலைகீழ்: ஐரோப்பியக் கூடத்துக்குள் தியாகராஜர் நுழைகிறார். கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாக்கை எடுத்துக் கையாள்வது அவமரியாதை என்று நினைப்பவர்களுக்கு பாக்கே பதில் சொல்லியிருக்கிறார். தனி வயலினுக்கு எழுதிய இதே பகுதியை 1731இல் அவரே எடுத்து, ஆர்கனுக்கு மாற்றி, டிரம்பெட் எல்லாம் சேர்த்து ஒரு தேவாலய இசையின் தொடக்கமாக வைத்தார். ராஜா செய்தது பாக் ஏற்கெனவே செய்த வேலைதான்.

*

குறையே இல்லையா? இருக்கிறது. கயிறு அவிழ்ந்த பிறகும் கன்றுக்குட்டிக்குப் பழைய வட்டத்தின் ஞாபகம் இருக்கிறது. பெரும்பாலான துண்டுகள் ஒரு சினிமாப் பாட்டின் அளவிலேயே முடிந்துவிடுகின்றன. இன்னும் போகலாமே என்று நினைக்கும்போது கதவு சாத்தப்படுகிறது. பத்து நிமிடம் வளர்ந்திருக்க வேண்டிய ஒரு யோசனை, காலையில் ரெக்கார்டிங், மதியம் வேறு ரெக்கார்டிங் என்ற கோடம்பாக்கத்துக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. சில இடங்களில் டிரம்ஸின் ஓசை எண்பதுகளிலேயே தங்கிவிட்டது. கூச்சத்தோடு சொல்கிறேன், அங்கே மட்டும் நான் வேறு காலத்தில் இருக்கிறேன்.

பெரிய குறை ஆல்பத்தில் இல்லை, நம்மிடம் இருந்தது. படம் இல்லாத இந்த இசைக்கு இரண்டே வருடத்தில் ஒரு படம் கிடைத்துவிட்டது. 1988இல் வந்த பாலுமகேந்திராவின் 'வீடு' படத்துக்குப் பின்னணி இசையாக இதிலிருந்துதான் எடுத்துப் பயன்படுத்தினார்கள். சொந்தமாக ஒரு வீடு கட்டப் படாதபாடு படும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணாக அர்ச்சனா, தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். பாட்டே இல்லாத படம். அருமையான படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரைகுறையாக எழும்பி நிற்கும் சுவர்களின் மேல் அந்த வயலின் நகரும்போது வயிற்றைப் பிசையும். பாக்கைச் சந்தித்த 'வீட்டு' இசை 'வீடு' படத்துக்கே போய்ச் சேர்ந்ததில் ஒரு அழகும் இருக்கிறது.

ஆனால் அதன் பிறகு பலருக்கு இது 'வீடு பிஜிஎம்' ஆகிவிட்டது. பெயரில்லாமல் நின்ற ஒன்றுக்குக் கடைசியில் ஒரு சிச்சுவேஷன் கிடைத்த நிம்மதி. அர்ச்சனாவின் முகம் இல்லாமல் இனி அதைக் கேட்க முடியாது என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அந்தப் பாதையில் ராஜா தொடர்ந்து நடந்தார். 1988இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்', 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு திருவாசகம், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் 'வேலியண்ட்' சிம்பொனி. கடைசியாக வந்ததற்கு 'சிம்பொனி' என்று ஒரு திடமான பெயர் இருந்தது. அதனால் டிவி விவாதம் வரைக்கும் போயிற்று. இன்னொரு பக்கம், பெங்களூரில் 2003இல் தொடங்கிய 'அகம்' குழு, தியாகராஜரின் கீர்த்தனைகளை மின்கிடாரோடும் டிரம்ஸோடும் வாசித்து, தன்னைக் கர்நாடகப் புரோக்ரசிவ் ராக் என்றே சொல்லிக்கொண்டது. அதில் இருந்தவர்கள் பலர் பகலில் ஐடி வேலை பார்த்தவர்கள், என் ஜாதி. அவர்களுடைய கச்சேரிக்கு இன்றைக்குக் கூட்டம் முண்டுகிறது. 1986இல் கேள்வியாக நின்ற இடத்தில் இப்போது பெயர்ப்பலகை இருக்கிறது. நல்லதுதான். ஆனால் கேள்விக்குறியைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு வந்த அந்தக் கேசட்டின் தைரியம் வேறு.

*

இதையெல்லாம் நான் கொல்லிமலையில் வைத்து யோசித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று பகலில் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கடந்து வந்திருந்தேன். ஓரி இந்த மலையின் தலைவன். புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பற்றி ஒரு பாட்டு பாடியிருக்கிறார், 152ஆவது. பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியில் ஒரு வேடனைப் பார்க்கிறது. ஒரே அம்பில் யானையில் தொடங்கி உடும்பு வரைக்கும் துளைத்த வில்லாளி. ஆள் பெயர் தெரியவில்லை. கூலிக்குக் கொல்பவன் போலவும் இல்லை. ஓரியாக இருப்பானோ, இல்லையோ? சரி, பாடிவிடுவோம் என்று கூட்டத்தின் தலைவர் வாசிப்பவர்களுக்கு வரிசையாக உத்தரவு கொடுக்கிறார். முழவுக்கு மண் பூசு, யாழுக்குப் பண் நிறுத்து, யானைத் துதிக்கை போல நீண்ட தூம்பை ஊது, எல்லரியைத் தட்டு, ஆகுளியைத் தட்டு, பதலையில் ஒரு கண்ணை மட்டும் மெதுவாக வாசி.

கடைசி உத்தரவைக் கவனியுங்கள். பதலையை மெதுவாக, ஒரு பக்கம் மட்டும். மிக்சிங் டெஸ்கில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது மாதிரியே இருக்கிறது. தோல், தந்தி, காற்று எல்லாம் சேர்ந்த முழு பேண்டு. மேடை இல்லை, டிக்கெட் இல்லை. கேட்பதற்கு நிற்பவனின் பெயர்கூடத் தெரியாது. இருபத்தொரு துறையும் முறையாகப் பாடி முடித்து, தலைவனைக் குறிக்கும் சொல்லை உச்சரித்த கணத்தில், அது தன்னைக் குறித்தது என்பதால் அந்த வேடன் வெட்கப்படுகிறான். பிறகு மான்கறியும் கள்ளும் பொன்னும் மணியும் கொடுக்கிறான். இசை முதலில் வந்தது, பெயர் கடைசியில்தான் வந்தது.

பெயர்கள் நிற்பதில்லை என்பதற்கும் இந்த மலையே சாட்சி. தேவாரப் பண்களில் ஒன்றுக்குக் கொல்லி என்று பெயர். அப்பரின் முதல் பதிகம் அந்தப் பண்ணில்தான். இன்றைக்கு ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். ஓரியையே காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். பண்ணும் பாட்டும் வேறு வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கின்றன.

அன்று இரவு ஆல்பம் பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டு மேல் விழுந்த சத்தத்தில் இரண்டு துண்டுகள் சரியாகவே கேட்கவில்லை. கரண்ட் வந்தபோது மணி பத்தரை இருக்கும். உள்ளே டிவி தானாக உயிர் பெற்று ஒரு பழைய பாட்டைப் பாடியது. நண்பனின் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்.

ஐயா எழுந்திருக்கவில்லை. ஸ்பீக்கரைக் காட்டிச் சொன்னார்:

"மழ பேயறப்ப ஒண்ணு ஓடுச்சே தம்பி, அத இன்னொருக்கா வைங்க."